கருப்புக் குமிழ்களில் இட்ட வெள்ளைக் கோடு உரியாமலிருக்க

மேடை ஒலிக்கருவியின் கருப்புக் குமிழ்களில் தீட்டிய வெள்ளைக் கோடு இரண்டே வாரத்தில் உரிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இனிக் குமிழின் மேற்பரப்பில் கோடு தீட்டாமல், சுட்டுக்கோட்டின் (குமிழ் திரும்பிய பக்கத்தைக் காட்டும் கோட்டின்) பள்ளத்துக்குள் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தை நிரப்புங்கள்; மங்கிய மேடை வெளிச்சத்திலும் குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியும், முன்புபோல் விரைவில் உரிந்தும் போகாது.

உரிந்ததற்கு விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கே காரணமாக இருக்கக்கூடும். குமிழை நேராக மேல்நோக்கி இழுத்துக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியால் வண்ணத்தை இட்டு, வழிந்ததைக் காய்வதற்குள் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் வழித்தெடுங்கள். பள்ளமே இல்லையென்றால் ஊசிமுனையால் மெல்லக் கீறிக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: குமிழ் இரு முனைகளிலும் முட்டி நிற்கிறதா? முடிவின்றிச் சுற்றினால் அது என்கோடர், அதாவது எவ்வளவு திருப்பினோம் என்பதை மட்டும் கருவிக்குச் சொல்லும் குமிழ். அதில் இடும் கோடு உண்மையான அளவைக் காட்டாது என்பதால், அதற்கு வண்ணக் குமிழே ஏற்றது. புதிய குமிழ் வாங்குவதானால், குமிழ் பொருந்தும் தண்டு ஒருபக்கம் தட்டையானதா, பற்கள் கொண்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பாமல் தள்ளி நகர்த்தும் ஸ்லைடர்களுக்கும் இதே முறைதான். ஆனால் விரலால் பிடிக்கும் தொப்பியைக் கழற்றாமல் தீட்டவே கூடாது. இடுக்கின் வழியே ஒரு துளி இறங்கினாலும் உள்ளே ஸ்லைடரின் நிலையை உணர்த்தும் கார்பன் தடம் பாழாகிவிடும். துடைப்பதற்கு அசிட்டோனும் வேண்டாம், அது ஏபிஎஸ் எனும் வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.