4,000 ரூபாய் 18-ம் தேதிக்குள் தீர்ந்துவிடுவது பற்றி

விடுதியில் தங்கிப் படிக்கும் உங்களுக்கு அப்பா மாதாமாதம் அனுப்பும் 4,000 ரூபாய் 18-ம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மொத்தமாக வாங்காதீர்கள். திங்கள்தோறும் 900 ரூபாய் அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். நாலு வாரத்துக்கு 3,600. மீதி 400 ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு.

"பெரிய செலவே செய்யவில்லை, விடுதிக் கட்டணமும் வீட்டிலேயே கட்டிவிடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சில்லறைச் செலவுதான் காரணமாக இருக்கும். சாயங்காலம் ஒரு டீ, ஒரு பப்ஸ், 35 ரூபாய். ஸ்கேன் செய்யும்போது உறைக்காது. முப்பது நாளுக்கு 1,050! உங்கள் பணத்தில் கால்வாசிக்கு மேல்.

இன்றிரவே ஜிபே வரலாற்றைத் திறந்து, போன மாதம் 100 ரூபாய்க்குக் கீழே போனதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். 1,500-ஐத் தாண்டினால் ஓட்டை அங்கேதான். தாண்டாவிட்டால் ஓடிடி, ஆப் சந்தா ஏதாவது ஆட்டோபேயில் பிடிக்கிறதா என்று பாருங்கள். யுபிஐ செயலியிலேயே அதை நிறுத்தலாம்.

அப்புறம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பெண்களுக்குப் புதுமைப்பெண்.

ஒன்று மட்டும்: மிச்சம் பிடிக்க காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். பதினோரு மணிக்குக் கேன்டீனில் அதைவிட அதிகம் போகும். கடன் ஆப் பக்கம் போகவே வேண்டாம்.