55 பவுண்டா, 80 பவுண்டா? படகுக்கு மின்மோட்டார் வாங்கும் முன்

கேள்வி: அண்ணா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 4.2 மீட்டர் அலுமினியப் படகு, பின்னால் மாட்டும் 25 குதிரைசக்தி பெட்ரோல் இஞ்சின் (அவுட்போர்டு). மாமனாரையும் மகனையும் கூட்டிக்கொண்டு இனாண்டா அணைக்கும் ஆல்பர்ட் ஃபால்ஸுக்கும் பாஸ் மீன் பிடிக்கப் போவேன். பெட்ரோல் இஞ்சின் சத்தத்துக்கே மீன் கலைந்துவிடுவதால் சத்தமில்லாமல் மெதுவாக ஓட்டும் மின்மோட்டார் (டிரோலிங் மோட்டார்) ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் 80 பவுண்டு தள்ளுவிசை, 24 வோல்ட்டுக்குக் குறைந்து எடுக்காதே என்கிறார்கள். லோட்ஷெடிங் காலத்தில் வீட்டுக்கு வாங்கிய 100 ஆம்பியர்-அவர் ஜெல் பேட்டரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே படகில் வைக்கலாமா? எப்போதாவது டர்பன் துறைமுகப் பக்கமும் போக ஆசை.

பதில்: தம்பி, பேட்டரியைப் பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பலர் மோட்டாரை வாங்கி மாட்டிவிட்டுத்தான் அதைப் பற்றி யோசிப்பார்கள். முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

படகு 150 கிலோ, இஞ்சினும் பெட்ரோலும் 75, நீங்கள் மூவரும் 220, பேட்டரி, நங்கூரம், தூண்டில் பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்னொரு 75. ஆக 520 கிலோ என்று வையுங்கள். 45 கிலோவுக்கு 2 பவுண்டு தள்ளுவிசை என்பது படகுக்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி 23 பவுண்டு வருகிறது. அது காற்றில்லாத நீருக்கு. பிற்பகலில் எதிர்க்காற்று கிளம்பினால் இரட்டிப்பாக வேண்டும், அதாவது 46. ஆகவே 12 வோல்ட்டில் ஓடும் 55 பவுண்டு மோட்டார் உங்களுக்குத் தாராளம். 80 பவுண்டுக்குப் போனால் 24 வோல்ட்டுக்காக இரண்டு பேட்டரி சுமக்க வேண்டும். ஈய பேட்டரி என்றால் கூடுதலாக 30 கிலோ ஏறும். வேகமும் பெரிதாக அதிகரிக்காது. பவுண்டு என்பது தள்ளும் பலம். வேகம் புரொப்பெல்லரின் சுழற்சியையும் அதன் இதழ் சாய்வையும் பொறுத்தது. எதை வாங்கினாலும் வேக நடைக்குச் சற்று மேலேதான் படகு போகும்.

இனி உங்கள் ஜெல் பேட்டரி. வகையைப் பொறுத்தவரை அது சரியானதுதான். கார் பேட்டரியைப் போல ஒரு நொடி உதைத்து இஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்தது அல்ல. நிதானமாக, ஆழமாக வெளியேற்றத் தாங்கும். ஆனால் 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் மேல் போட்டிருக்கும் 100 என்ற எண், பெரும்பாலும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்துப் பார்த்த அளவு. 50 ஆம்பியர் வீதம் இழுத்தால் அவ்வளவு கிடைக்காது. பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுளும் குறையும். முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, கரையோரமாக 10 ஆம்பியரில் ஊர்ந்தால் நாலைந்து மணி நேரம் என்றே நம்பிப் புறப்படுங்கள்.

அதுவும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால்தான். மின்வெட்டு கடுமையாக இருந்த ஸ்டேஜ் 6 நாட்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வடிந்து, முழுதாக ஏறுவதற்குள் மறுபடி வடிந்த பேட்டரி அது. என் வீட்டிலும் அப்படி ஒன்று வெளியே பளபளவென்று இருந்து உள்ளே செத்துக் கிடந்தது. சோதிக்கக் கடைக்குப் போக வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு 55 வாட் கார் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பத்து மணி நேரம் எரிய விடுங்கள். பல்பைக் கழற்றி ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.2 வோல்ட்டுக்கு மேல் நின்றால் படகில் ஏற்றலாம். நடுவிலேயே பல்பு மங்கினால், மகனை ஏற்றிச் செல்லும் படகில் அதை வைக்காதீர்கள்.

புதிதாக வாங்குவதானால் 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டையே சொல்வேன். 100 ஆம்பியர்-அவருக்கு எடை 12 கிலோ அளவுதான், 80 விழுக்காடு வரை தயங்காமல் எடுக்கலாம். கேட்டு வாங்க வேண்டியது உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று, அதாவது பிஎம்எஸ், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்பது. 50 ஆம்பியர் பிஎம்எஸ் என்றால் காற்றில் முழு வேகம் வைக்கும் நேரம் பார்த்துத் துண்டித்துவிடும். 100 ஆம்பியர் இருக்கட்டும். சார்ஜரும் லித்தியத்துக்கானதாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்காக வீட்டுச் சுவரில் மாட்டும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் 48 வோல்ட். அதைப் படகுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எந்த பேட்டரியானாலும் அவுட்போர்டைக் கிளப்பும் பேட்டரி தனியாக இருக்கட்டும். அணை நடுவில் மின்மோட்டார் அதையும் உறிஞ்சிவிட்டால் கரைக்குத் துடுப்புதான் கதி.

ஒயரில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மோட்டார் அணியத்தில் (படகின் முன்முனையில்), பேட்டரி பின்னால் என்றால் போகவும் வரவும் பத்து மீட்டர் ஒயர். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 50 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் காணாமல் போகும், ஒயரும் சுடும். 16 போட்டால் அரை வோல்ட்டோடு நிற்கும். 25 போட்டால் இன்னும் நல்லது. பேட்டரிக்கு ஒட்டினாற்போல் 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். புரொப்பெல்லரில் செடி சிக்கி மோட்டார் திணறும்போது ஒயர் தீப்பற்றாமல் காப்பது அதுதான். இனாண்டாவில் ஆகாயத்தாமரை இருப்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். அந்த அணைக்குச் செடி சுற்றாத இரண்டு இதழ்ப் புரொப்பெல்லரே ஏற்றது.

வேகக் கட்டுப்பாட்டில் இரண்டு வகை. ஐந்து படி வைத்த மலிவு மோட்டார், குறைந்த வேகத்தில் மிச்ச மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் சூடாக்கி வீணாக்கும். படியில்லாமல் கூட்டிக் குறைக்கும் டிஜிட்டல் வகை அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். நீங்கள் மெதுவாக ஊர்ந்து பிடிப்பவர், அந்தக் கூடுதல் விலை உங்களுக்குத் திரும்பி வரும். கையிருப்பு தாங்கினால் ஜிபிஎஸ் நங்கூரம் உள்ளதாக, அணியத்தில் மாட்டுவதாகப் பாருங்கள். காற்றில் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும்; மாமனார் நிம்மதியாகத் தூண்டில் போடலாம். மோட்டார் தண்டின் நீளத்தைப் படகை நீரில் இறக்கி, மூவரும் ஏறி உட்கார்ந்த பிறகு அளந்து முடிவு செய்யுங்கள். புரொப்பெல்லர் நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். குறைந்தால் அலையில் காற்றை வெட்டிச் சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கும் மீன் ஓடும்.

துறைமுகத்துக்குப் போகும் எண்ணம் உறுதியானால் முதலிலேயே உப்புநீருக்கென்று செய்த மோட்டாரை வாங்கிவிடுங்கள். நன்னீர் மோட்டாரை உப்புநீரில் இறக்கினால் அரிப்பு உள்ளே போய்விடும். உப்புநீர் மோட்டார் அணையிலும் ஓடும். அதில் இருக்கும் துத்தநாகக் கட்டி மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக வைத்தது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம். திரும்பி வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். கப்பல்கள் போகும் தடத்துக்குள்ளும் கடல் அலை உடையும் இடத்துக்கும் மின்மோட்டாரை மட்டும் நம்பிப் போகக் கூடாது. அங்கே அவுட்போர்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் புரொப்பெல்லரைக் கழற்றி உள்ளே பாருங்கள். அறுந்த நைலான் நரம்பு தண்டில் சுற்றியிருக்கும். அது நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்து, நீர் உள்ளே இறங்கி மோட்டாரைக் கெடுத்துவிடும். கழற்றும்போது புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் குறுக்குப் பின் (ஊசி) கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூண்டில் பெட்டியில் உதிரியாக இரண்டு பின் இருக்கட்டும்.