கேம் ஓடுகிறது, வீடியோ திக்குகிறது: குறை பிட்ரேட்டில் இல்லை

கேள்வி: எனக்கு ஊர் பாலக்கோடு. கல்லூரியில் படிக்கிறேன். ஐ5 பத்தாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வைத்திருக்கிறேன். திரை 144 ஹெர்ட்ஸ். ஜிடிஏ ஃபைவ் விளையாடும்போது ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் ரெக்கார்டு செய்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. பிட்ரேட்டை 6000-லிருந்து 50000 வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன், மாற்றமே இல்லை. மத்தியானத்தில் ரெக்கார்டு செய்தால் இன்னும் மோசம். புது லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. கிருஷ்ணகிரியில் என் சர்வீஸ் கடைக்கு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது இதே குறையோடு வருகிறார்கள். எல்லோரும் முதலில் கை வைப்பது பிட்ரேட்டில்தான். அது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா எழுத வேண்டும் என்ற கணக்கு, அவ்வளவுதான். குறைந்தால் புல்வெளியும் புகையும் கட்டம் கட்டமாகக் கலங்கும். திக்காது. 60 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 60 படம் (ஃபிரேம்) ஓடும் வீடியோவில் சுமார் 17 மில்லிநொடிக்கு ஒரு படம் வந்து சேர வேண்டும். அந்த நேரத்துக்குள் படம் வராவிட்டால் பழைய படமே இன்னொரு முறை பதிவாகும். அதைத்தான் நீங்கள் திக்கு என்கிறீர்கள்.

படம் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பதை ஓபிஎஸ்ஸே சொல்லிவிடும். வியூ மெனுவில் ஸ்டாட்ஸ் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதைத் திறந்து, ரீசெட் அழுத்தி, கேமில் சண்டையும் வெடிப்பும் நிறைந்த இடமாகப் பார்த்து இரண்டு நிமிடம் ரெக்கார்டு செய்யுங்கள். ரெண்டரிங் லேக் என்ற வரியில் எண் ஏறினால் கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது. என்கோடிங் லேக் என்ற வரியில் ஏறினால் வீடியோவைச் சுருக்கி எழுதும் வேலை பின்தங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எண்ணைப் பார்க்காமல் செட்டிங் மாற்றுவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி.

நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ரெண்டரிங் லேக்தான் ஏறும் என்று நினைக்கிறேன். விளையாடும்போது சரியாக இருக்கிறது, ரெக்கார்டில் மட்டும் திக்குகிறது என்றால் கேம் கார்டின் முழுப் பலத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. எல்லை வைக்காவிட்டால் கேம் 70, 80, 90 என்று எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஃபிரேம் ஓட்டும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் கார்டு, 99 சதவீதத்தில் நிற்கும். ஓபிஎஸ்ஸும் ஒவ்வொரு படத்தையும் அதே கார்டில்தான் கோத்துத் தயாரிக்கிறது. முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்துவிட்டால் கடைசிப் பந்திக்கு என்ன கிடைக்கும்?

அதனால் முதல் வேலை, கேமின் ஃபிரேம் ரேட்டை 60-இல் பூட்டுவது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்று இருக்கிறது, அதில் 60 கொடுங்கள். ஓபிஎஸ்ஸின் வீடியோ பகுதியிலும் அதே 60. கேம் 75-இல் ஓட, ரெக்கார்டு 60-இல் நடந்தால் படங்கள் ஒழுங்காகப் பொருந்தாமல், எந்த லேக்கும் இல்லாமலே வீடியோ லேசாகக் குலுங்கும். நொடிக்கு 144 படம் காட்டும் 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியதே வீணா என்று கேட்பீர்கள். விளையாட மட்டும் உட்காரும்போது பூட்டைத் திறந்துவிடுங்கள், யார் தடுத்தார்கள்? ரெக்கார்டு செய்யும்போது மட்டும் கைக்குக் கொஞ்சம் மந்தமாகத் தெரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டிய பிறகும் ஜிபியு 90-க்கு மேலேயே நின்றால் கேமுக்குள் போய் நிழல், புல், எம்எஸ்ஏஏ (ஓரங்களை மழமழப்பாக்கும் செட்டிங்) மூன்றையும் ஒரு படி இறக்குங்கள். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) தொட வேண்டாம். அது கார்டின் மெமரி விஷயம், 4 ஜிபிக்குள் அடங்கினால் போதும். 75, 80 சதவீதத்தில் கார்டு நின்றால் ஓபிஎஸ்ஸுக்குப் பங்கு கிடைக்கும். ஓபிஎஸ்ஸை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறப்பதும் உதவும், கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கிறது.

அடுத்தது என்கோடர். அவுட்புட் பகுதியில் எக்ஸ்264 என்று இருந்தால் வீடியோவைச் சுருக்கும் வேலை முழுவதும் பிராசசர் தலையில். கேமுக்கும் அதே பிராசசர்தான். உங்கள் கார்டிலேயே இதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது, பெயர் என்வென்க். என்விடியா 2012-லிருந்தே இதைக் கொடுத்து வருகிறது. அதை எச்.264 என்ற வீடியோ வடிவத்தோடு தேர்ந்தெடுங்கள். ரேட் கண்ட்ரோலில் சிபிஆர் (பிட்ரேட்டை மாறாமல் வைப்பது) வேண்டாம், அது நேரலைக்கு. நீங்கள் டிஸ்க்கில் எழுதுகிறீர்கள், அதற்கு சிக்யூபி (தரத்தை நிலையாக வைப்பது). மதிப்பு 22-இல் தொடங்குங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் வீங்கும். பிரீசெட் பி4 அல்லது பி5 போதும். லுக் அஹெட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், அது கார்டின் கேம் பங்கிலிருந்து கடன் வாங்கும்.

வீடியோ வினாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் எழுதப்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிபி ஆகும். எழுதும் வேகமாகப் பார்த்தால் நொடிக்கு 2.5 எம்பிதான், பழைய ஹார்ட் டிஸ்க் கூட அதைத் தாங்கும். பென் டிரைவில் மட்டும் நேராக எழுதாதீர்கள். யூட்யூப் 1080பி, 60 எஃப்பிஎஸ் வீடியோவுக்குப் பரிந்துரைப்பதே 12 மெகாபிட்தான். உங்கள் 50000, அதாவது 50 மெகாபிட், யாருக்காக என்று எனக்குப் புரியவில்லை.

லேப்டாப்புக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையதில் இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று என இரண்டு கிராபிக்ஸ் இருக்கின்றன. கேம் ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால் கருப்புத் திரையோ இழுவையோ வரும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் போய் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். ஓபிஎஸ் எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் சோர்ஸில் டிஸ்ப்ளே கேப்சர் வேண்டாம், கேம் கேப்சர் போடுங்கள், சுமை குறைவு.

இனி மத்தியானக் கதை. சித்திரை, வைகாசியில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து விளையாடினால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. சூடு எல்லையைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கருகாமல் இருக்கச் செய்துவைத்த ஏற்பாடு. இருபது நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திக்கத் தொடங்கினால் சூடு என்று எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தை இரண்டு கட்டைமேல் தூக்கி வையுங்கள், விடியற்காலையில் ரெக்கார்டு செய்யுங்கள். வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தால் ஃபேனைத் திறந்து தூசு எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிவிடுங்கள். கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளிலிருந்து எனக்கு வரும் லேப்டாப்புகளில் ஃபேன் இறக்கை தெரியாத அளவுக்கு வெள்ளை மாவு அப்பியிருக்கும். உங்கள் வீடு ரோட்டோரம் என்றால் அதில் கால்வாசியாவது இருக்கும்.

பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ வேகம் நின்றுவிடும். கேம் சில ஃபிரேம் குறையலாம், சூடு நன்றாக இறங்கும். 60-இல் பூட்டியவருக்கு இந்த நஷ்டம் பெரும்பாலும் தெரியாது. சில லேப்டாப்புகளில் இந்த வரியையே மறைத்து வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சார்ஜர் எப்போதும் செருகியே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது கார்டின் பலம் பாதிக்கு மேல் படுத்துவிடும். நடுவில் கரண்ட் போனால் அந்த நொடியிலிருந்து வீடியோ திக்கும், செட்டிங்கைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட் என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று: கடைக்காக ஒரு மணி நேரப் பாடத்தை எம்பி4-இல் ரெக்கார்டு செய்துகொண்டிருந்தேன். பேட்டரி செத்த லேப்டாப், கரண்ட் போனது, ஃபைல் திறக்கவே இல்லை. அன்றிலிருந்து எம்கேவி ஃபைல் வடிவம்தான். பாதியில் அறுந்தாலும் அதுவரை பதிவானது இருக்கும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும், தரம் குறையாது.

இத்தனை செய்தும் ரெண்டரிங் லேக் ஒரு சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால் 30 எஃப்பிஎஸ்ஸுக்கு இறங்குங்கள். திக்கும் 60-ஐ விடச் சீரான 30 பார்க்க நன்றாக இருக்கும். தனி கார்டே இல்லாத லேப்டாப் வைத்திருக்கும் நண்பர்களும் கேட்பார்கள்: இன்டெல் என்றால் குவிக்சிங்க் என்கோடர், 720பி, 30. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ரேமில் போடுங்கள். உங்கள் 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் இரட்டை வழியாக வேலை செய்யும். இந்த கேமோடு ஓபிஎஸ்ஸும் குரோமும் திறந்திருந்தால் 8 ஜிபி போதாது. வாங்குவதற்கு முன் அடிமூடியைத் திறந்து இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குரலும் சேர்த்துப் பதிவு செய்வதாக இருந்தால் மைக்கை லேப்டாப்பின் காற்று வெளியேறும் பக்கம் வைக்காதீர்கள். ஓபிஎஸ்ஸில் மைக்குக்கு நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் இருக்கிறது, ஃபேன் இரைச்சலை நன்றாக அடக்கும். பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்தை அடக்குமா என்றால், பாதிதான்.