அப்பாவுக்கு மறதியா, காது கேட்கவில்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன வருடம் அம்மா இறந்ததிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், டிவியை அலற வைக்கிறார். மருத்துவர் "வயசானா அப்படித்தான்" என்கிறார். ஒருவர் நினைவாற்றல் மாத்திரையும் "மூளைப் பரிசோதனை பேக்கேஜும்" வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் காதைப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் டிவி சத்தம்தான் முக்கியமான தகவல். வயதாகும்போது முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள். ச, த, ட போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய அவை வேண்டும். அதனால் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. சரியாகக் காதில் விழாத சொல் நினைவில் எப்படித் தங்கும்? ஊகித்து ஊகித்து அலுத்துப்போய், மனிதர் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார். மறதி நோய்க்கான காரணிகளில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. மறதி நோய் வருவதில் காது கேளாமைக்கு 7 சதவீதப் பங்கு, தனிமைக்கு 5 சதவீதம். அப்படியிருந்தும், காதைச் சோதிக்காமலேயே நினைவுத் தேர்வு வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். கேள்வியே விழாதவரிடம் பதில் எதிர்பார்ப்பது அநியாயம்.

காது மருத்துவரிடம் போய் முதலில் அழுக்கை எடுக்கச் சொல்லுங்கள். அழுக்கு அடைத்த காதில் எடுத்த சோதனை செல்லாது. பிறகு ஒலித்தடுப்பு அறையில் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்க வேண்டும். கூடவே, சொற்களைத் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனையும் வேண்டும்.

காதுக் கருவி தேவை என்றால், ஒரு எச்சரிக்கை. "இலவச முகாம்" என்று கூப்பிட்டுப் பத்து நிமிடத்தில் கருவியைத் தலையில் கட்டுபவர்களிடம் ஏமாறாதீர்கள். ஆடியோகிராமின் நகலைக் கொடுக்காதவரிடம் எதையும் வாங்கக் கூடாது. வெறும் ஒலிபெருக்கியைக் காதுக் கருவி என்று விற்பவர்களும் உண்டு. அது பாத்திரம் உருளும் சத்தத்தையும் பேச்சையும் ஒன்றாகக் கூட்டும், அப்பா மூன்றாம் நாளே கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: வீட்டில் போட்டுப் பார்க்க ஒரு மாதமாவது அவகாசம் உண்டா? காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து ஒலியை அளந்து பொருத்துவீர்களா? பிறகு இரண்டு மூன்று முறை வந்து அளவைத் திருத்திக்கொள்ளலாமா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் வாரம் அமைதியான அறையில் தினம் ஓரிரு மணி நேரம் கருவியைப் போட்டால் போதும். பழக ஆறு வாரம்கூட ஆகும். விசில் சத்தம் வந்தால் பெரும்பாலும் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். சத்தம் குறைந்தால் கருவியின் அழுக்கு வடிகட்டியைப் பாருங்கள்.

அடுத்து, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், சளி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நான்கு மருத்துவர்கள் எழுதியதை ஒருவராவது சேர்த்துப் பார்ப்பதில்லை, இந்த அமைப்பின் பெரிய ஓட்டை அது. கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், குளோர்பெனிரமின் கலந்த சளி மருந்து, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை எல்லாமே முதியவர்களின் நினைவைக் குழப்பும். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் பி12 குறைந்திருக்கலாம், தனியாகச் சோதியுங்கள். அதோடு தைராய்டு, சோடியம், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின். தலை ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், பேக்கேஜ் விற்பவர் அல்ல. நினைவாற்றல் மாத்திரைகளில் சேர்க்கும் ஜின்கோ என்ற மூலிகைச் சாற்றை 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் பல ஆண்டுகள் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை.

மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாத நிலை ஒன்று உண்டு. குழப்பம் மாதக்கணக்கில் மெல்ல வராமல் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்தால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால் காதையோ மாத்திரைப் பையையோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவு. சிறுநீர்த் தொற்று, சோடியம் சரிவு, சர்க்கரைத் தாழ்வு எதுவாகவும் இருக்கலாம். முதலில் வீட்டிலேயே விரல் நுனியில் சர்க்கரையைப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன் லேசாக வழுக்கி விழுந்திருந்தாலும் சொல்லுங்கள். தலையில் அடிபட்டதே தெரியாமல் உள்ளே மெதுவாக ரத்தம் கசிந்து சேரலாம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இன்னும் ஆபத்து. "வயசாச்சு" என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தால், "நேற்றுவரை இப்படி இல்லை" என்பதை விடாமல் சொல்லுங்கள்.

அம்மாவின் இழப்பு தனி விஷயம். எது கேட்டாலும் முயலாமல் "தெரியாது" என்பது, தூக்கமும் பசியும் குறைவது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகத் தயங்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் முகம் பார்த்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவரை நம்பி வீட்டில் ஒரு வேலை இருக்கட்டும். "மறந்துட்டீங்களா?" என்று சோதிக்காதீர்கள்.

கருவி பழகி, குறைபாடுகளைச் சரிசெய்து ஆறு மாதம் கழித்து, கருவியோடும் கண்ணாடியோடும் நினைவுத் தேர்வை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் மதிப்பெண் சரிந்தாலோ, அதற்கு முன்பே பழகிய வழியில் தடம் தவறினாலோ, பணக் கணக்கில் தடுமாறினாலோ நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது எந்தத் தேதியில் என்ன மறந்தார் என்ற குறிப்பும் ஆடியோகிராமும் கையில் இருக்கட்டும்.