சம்மதம்தான்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஐடி வேலை, வயது 38. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு கம்பெனி வருடம் 70,000 யூரோ சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. செப்டம்பரில் சேர வேண்டும். மகளுக்கு எட்டு வயது, மூன்றாவது முடிக்கிறாள். மகனுக்கு நான்கு. மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், அவளுக்கும் சம்மதம்தான். அம்மா பொள்ளாச்சியில் தனியாக இருக்கிறார், தங்கை வீடு பக்கத்துத் தெருவில். நல்லது கெட்டதை எல்லாம் எக்செல் ஷீட்டில் போட்டு மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சமமாக வருகிறது. இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் குடும்பத்தோடு அங்கே ஒன்பது வருடம் இருந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பணத்தை முதலில் முடித்துவிடுவோம். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக, உங்கள் ஒருவர் சம்பளத்தில் மாதம் நாலாயிரம் யூரோ சுற்றிக் கையில் வரும். பொது மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், வேலைக்குப் போகாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தனிச் சந்தா இல்லை. குழந்தைகளுக்காக அரசு தரும் பணம் 2025-இல் தலைக்கு மாதம் 255 யூரோ. வாடகை 1,500-க்குக் கீழே அமைந்தால் ஊருக்கு போன் போட்டுச் சொல்லலாம். அப்புறம், அங்கே நிறைய வாடகை வீடுகளில் சமையலறை வெறும் நான்கு சுவர்தான். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். முதல் மூன்று வாரம் நாங்கள் குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவினோம். மிச்சம் பிடிக்கலாம். ஆனால் 70,000-ஐ ரூபாயில் பெருக்கிப் பார்த்து ஆடிப்போக வேண்டாம்.

உங்கள் ஷீட்டில் இல்லாத ஒன்று மகளின் வகுப்பு. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஆரம்பப் பள்ளி நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். பத்து வயதில் பிள்ளைகளைப் பிரித்து வேறு வேறு பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். நேராகப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிற பாதைக்கு ஜிம்னாசியம் என்று பெயர். (இந்தப் பெயரைக் கேட்டு என் அம்மா, 'பேத்தி குஸ்தி படிக்கிறாளா?' என்றார்.) எந்தப் பள்ளிக்கு என்கிற பரிந்துரை நாலாவதின் நடுவிலேயே வந்துவிடும். செப்டம்பரில் போய் நேராக நாலாவதில் உட்கார்ந்தால், 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்று ஜெர்மனில் சொல்லப் பழகுவதற்குள் அவள் தலையெழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே ஆறு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. அதனால் எட்டு வயதுப் பிள்ளையை மூன்றாவதிலேயே சேர்க்கக் கேட்கலாம். எங்கள் மகளுக்கு நாங்கள் கேட்டோம், சேர்த்தார்கள். 'பெயிலா?' என்று ஊரில் விசாரித்தார்கள், விசாரிக்கட்டும். அந்த ஒரு வருடம் அவளுக்குப் பெரிய உதவி. ஜிம்னாசியம் கிடைக்காவிட்டாலும் பிறகு மாறிப்போக வழிகள் உண்டு. நம்மவர்கள்தான் அதற்காக வீட்டை இழவு வீடாக்குவார்கள்.

'இரண்டு வருடம் பார்க்கலாம்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு அது சரிப்படும். ப்ளூ கார்டில் (உங்களைப் போலத் தகுதியுள்ள வெளிநாட்டு வேலைக்காரர்களுக்குத் தரும் வசிப்பு அனுமதி) போகிறவருக்கு பி1 என்கிற நடுத்தர அளவு ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமையே கிடைக்கும், ஏ1 என்கிற ஆரம்ப அளவு மட்டும் என்றால் 27 மாதம். ஆனால் இரண்டு வருடம் என்பது உங்கள் மகள் வாய் திறந்து நாலு சிநேகிதிகளைச் சேர்த்திருக்கிற நேரம். அப்போது பிடுங்கிக் கொண்டுவந்து கோவையில் ஆறாவதில் போட்டால், பாதி மறந்த தமிழோடு மறுபடி ஊமையாக உட்காருவாள். நாங்கள் திரும்பியபோது என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பத்தாவது முடிக்கும்வரை அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. போனால் அவள் பள்ளி முடிக்கும்வரை என்று போங்கள், இல்லாவிட்டால் இப்போது வேண்டாம்.

கடிதத்தில் எனக்கு உறுத்தியது 'அவளுக்கும் சம்மதம்தான்' என்பதில் இருக்கும் அந்தத் 'தான்'. ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்கு மொழிச் சான்றிதழ் இல்லாமலே விசா கிடைக்கும், போனதிலிருந்தே வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. சட்டத்தில் குறையில்லை. ஆனால் அங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமானால் ஜெர்மன் ஏறக்குறைய தாய்மொழிபோல வர வேண்டும், பெரும்பாலும் இரண்டு பாடங்கள் கற்பிக்கத் தகுதியும் கேட்பார்கள். அதற்குப் பல வருடம் ஆகும். என் மனைவி திருச்சியில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தாள். டிசம்பரில் அங்கே நாலரைக்கே இருட்டிவிடும். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், 'பல் டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்லக்கூட எட்டு வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன்' என்றாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் மாலை வகுப்பில் படித்து, ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வங்கி வேலையைப் பற்றி இன்றும் வீட்டில் நான் வாய் திறப்பதில்லை.

அம்மாவை வருகை விசாவில் கூப்பிட்டால் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். என் அம்மா நாற்பதாவது நாளே, 'தெருவுல ஒரு ஆள்கூட நடக்கலையேப்பா' என்று டிக்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டார். தங்கை பக்கத்தில் இருக்கிறவரை உங்களுக்குக் கவலை குறைவு. ஆனால் அந்தப் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டாரா, நீங்களாக வைத்துக்கொண்டீர்களா? கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், போகலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் மனைவி எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காராமல். பதிலை என் மனைவி எழுதுவாள்.