தொட்டால் ஒட்டும் தூண்டில் கோல்

கையால் தூண்டில் கோல் கட்டும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன: நூல்கட்டின் மேல் பூசிய எபாக்சி (ரெசின், ஹார்டனர் என்ற இரு திரவங்களைக் கலந்து பூசுவது) இறுகவில்லை.

கேள்வி: கார்பன் பிளாங்க் (வளையம் பொருத்தாத வெறும் கோல்) வாங்கி, எட்டு வளையம் வைத்து நைலான் நூலால் கட்டி, மேலே எபாக்சி பூசினேன். நாலு நாளாகியும் விரல் வைத்தால் ரேகை பதிகிறது. பகலில் முற்றத்து வெயில், ராத்திரி மின்விசிறி, எதற்கும் மசியவில்லை. ஹார்டனரை மட்டும் மேலே தடவினால் காய்ந்துவிடுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: தடவாதீர்கள். பிசுக்கு இன்னும் கூடும்.

வார்னிஷ் காய்வதுபோல் எபாக்சி காய்வதில்லை. வார்னிஷில் உள்ள டர்பன்டைன் ஆவியாகிப் போகிறது. இதில் ஆவியாக எதுவும் இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. உங்கள் ஊர்ச் சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருந்து கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துக் கெட்டிப்பட்டது. அந்தப் பொறுமை இங்கே செல்லாது. ஜோடி கிடைக்காத ரெசின் நாலு மாதமானாலும் பிசுபிசுத்தபடியேதான் கிடக்கும். வெயிலும் சூடும் சரியான அளவில் கலந்ததைச் சீக்கிரம் இறுக்கும்; தப்பான அளவைத் திருத்தாது. மின்விசிறி தூசியைக் கொண்டுவந்து ஒட்டியதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் அளவைச் சந்தேகப்படுங்கள். கோலுக்கான எபாக்சி பெரும்பாலும் கன அளவில் 1:1. அதை எடைத் தராசில் 1:1 என்று நிறுத்தால் கணக்கு கெடும், ஏனென்றால் ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. குப்பியில் எடை விகிதம் தனியாக அச்சிட்டிருந்தால் மட்டும் தராசைத் தொடுங்கள்.

இரண்டாவது, கஞ்சத்தனம். ‘எட்டு வளையத்துக்கு எதற்கு அவ்வளவு’ என்று அரை மில்லி, அரை மில்லி கலந்தால், கை 0.1 மில்லி தவறினாலே 20 சதவீதப் பிழை. 3 மில்லி வீதம் கலந்தால் அதே தவறு 3 சதவீதத்துக்குச் சற்று மேல், எபாக்சி பொறுத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தூக்கிப் போட மனசு வரவேண்டும்.

ரெசினுக்கு ஒரு சிரிஞ்ச், ஹார்டனருக்கு ஒரு சிரிஞ்ச். பெயர் எழுதி ஒட்டுங்கள், மாற்றிவிடாதீர்கள். மருந்துக்கடை சிரிஞ்சில் கறுப்பு ரப்பர் தலை வேண்டாம். அது வழுக்கப் பூசியிருக்கும் சிலிகான் எண்ணெய் கலவையில் சேர்ந்தால், பூச்சு அங்கங்கே விலகிக் குழி விழும். தொழிலில் அதற்கு ‘மீன் கண்’ என்றே பெயர். தூண்டிலுக்குப் பொருத்தம்தான், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது.

இப்போது கையில் இருக்கும் கோலுக்கு வருவோம். ரேகை பதிகிறது, ஆனால் ஒழுகவில்லை என்றால் நூலை அறுக்க வேண்டாம். ஒரு பெட்டிக்குள் சூடு தரும் குண்டு பல்பு போட்டு 35–40 டிகிரி வெதுவெதுப்பில் இரண்டு நாள் வையுங்கள். அப்படியும் பிசுக்கு போகாவிட்டால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மேலே லேசாக ஒரு துடை; ஆல்கஹால் உலர்ந்ததும் சரியாக அளந்து கலந்த எபாக்சியை மெல்லிய பூச்சாக மேலே கொடுங்கள். பெரும்பாலும் அது அடியில் உள்ளதை மூடிப் பிடித்துக்கொள்ளும். விரலில் தேன்போல ஒட்டி நூலிழுக்கிறதென்றால் மூடி மறைத்துப் பயனில்லை. ஆல்கஹாலால் வழித்தெடுத்து, வளையத்தின் கால் (நூலுக்கடியில் இருக்கும் தகடு) மேல் வரும் பக்கமாகப் பிளேடு வைத்து நூலை அறுத்து, புதிதாகக் கட்டுங்கள். பிளாங்க் மேல் பிளேடு பட்டால் கார்பன் இழை அறுந்து, பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். பெயின்ட் தின்னர் பக்கமே போகவேண்டாம். பிளாங்கின் மேல்பூச்சையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

கேள்வி: ஒரே கலவை, ஒரே கோல். ஆறு நூல்கட்டு கல்லாக இருக்கிறது, கடைசி இரண்டு மட்டும் பிசுபிசு. (வாசகர், தேவகோட்டை)

பதில்: அளவு சரி, கலக்கியது போதவில்லை. கடைசி இரண்டு கட்டுக்கும் கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துப் பூசியிருப்பீர்கள். கலவாத ரெசின் ஒளிந்திருப்பது அங்கேதான். கடிகாரம் பார்த்து 3 நிமிடம், மெதுவாக, ஓரத்தையும் அடியையும் குச்சியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறு சுத்தமான கிண்ணத்துக்கு மாற்றி, புதுக் குச்சியால் இன்னும் ஒரு நிமிடம். முதல் கிண்ணத்தை வழிக்கக் கூடாது. கலந்ததை அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பினால் குமிழிகள் தானாக உடையும். கிண்ணத்திலேயே குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் கெட்டியாகிவிடும். சித்திரை வெயிலில் இது இன்னும் வேகம். அதனால் கோடையில் விடிகாலையில் பூசுங்கள்.

தாளில் மிஞ்சியதை எறியாமல் வைத்திருங்கள், அதுதான் சாட்சி. மறுநாள் தாளில் உள்ள மெல்லிய படலம் நகம் பதியாமல் இருந்து, கோல் மட்டும் ஒட்டினால் குற்றம் கோலில்: எண்ணெய்க் கை, மெழுகு, நூலின் நிறம் மாறாதிருக்க முதலில் பூசி, சரியாகக் காயாத நிறக்காப்புத் திரவம். தாளிலும் ஒட்டினால் குற்றம் அளவிலோ கலக்கியதிலோ.

கேள்வி: ஐப்பசி அடைமழையில் பூசினேன். இறுகிவிட்டது, ஆனால் மேலே எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பு, வெள்ளை மூட்டம். (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய ஸ்பாஞ்ச், கழுவினால் போய்விடும். கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சு கொடுத்தால் பிடிக்காது. மழை நாளில் முற்றத்தோரம் வேண்டாம். வீட்டின் இரண்டாம் கட்டில் கதவு சாத்திய அறையாகப் பார்த்துப் பூசுங்கள்.

கேள்வி: மேசை வார்த்ததில் மிஞ்சிய ரெசின் இருக்கிறது, பூசலாமா? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: கனமாக வார்ப்பதற்கான ரெசின் மெதுவாக இறுகும்படி செய்தது, கெட்டியாக ஊற்றினால் தன் சூட்டில் இறுகும். நூல்மேல் மெல்லிசாகப் பூசினால் அந்தச் சூடு பிறக்காது, பல நாள் மெத்தென்றே இருக்கும். விகிதமும் 2:1, 3:1 என்று மாறும். பழக்கதோஷத்தில் 1:1 கலந்தால் ஜென்மத்துக்கும் இறுகாது.

கேள்வி: மூங்கில் கோலில் பூசியதும் அடியிலிருந்து குமிழி குமிழியாக வருகிறது. (வாசகர், ராயவரம்)

பதில்: கோல் சூடேறும்போது மூங்கில் கண்களுக்குள் (நுண்துளைகளுக்குள்) உள்ள காற்று விரிந்து வெளியே வருகிறது. வெயில் தாழ்ந்து கோல் குளிரத் தொடங்கும்போது பூசுங்கள். உள்ளே காற்று சுருங்கி, பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் பூச்சு மிக மெல்லிசாக, கண்களை அடைக்க மட்டும்.

கேள்வி: பூச்சு ஒரு பக்கமாக வழியாமல் இறுகும்வரை கோலைச் சுற்றவைக்க என்ன மோட்டார்? (வாசகர், கோட்டையூர்)

பதில்: பழுதான மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார் போதும். நிமிடத்துக்கு 5–6 சுற்று. சிலவற்றில் 220 வோல்ட், சிலவற்றில் 21 அல்லது 30 வோல்ட் என்று எழுதியிருக்கும், பார்த்துவிட்டு இணையுங்கள். ஐந்தாறு மணி நேரம் நிறுத்தாமல் சுற்றட்டும். மறுநாள் தொடலாம், கண்மாய்க்குக் கொண்டுபோக ஒரு வாரம் கழியட்டும்.