17 வயதுப் பாம்புக்குத் தாழ்வாக ஒரு கிளை

கேள்வி: நான் பள்ளியில் படிக்கும்போது பென்சில் தடிமனில் வந்த கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத பாம்பு), இப்போது 17 வயது. ஐந்து வாரமாக இரையைத் தொடவில்லை. சட்டை துண்டு துண்டாக உரிந்தது, அதற்குப் பிறகும் ஒரு கண் மங்கலாகவே இருக்கிறது. வழக்கமாக ஏறும் கிளையிலிருந்து இரண்டு முறை விழுந்துவிட்டது. "வயசாயிடுச்சு, விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில். நானே வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: முதலில், ஊட்டாதீர்கள். வலுக்கட்டாயமாகத் திணித்தால் வாய் கிழியலாம், தின்றதைக் கக்கிவிடலாம். உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிற பாம்புக்கு அந்த இரை செரிக்கவும் செரிக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'வயசாயிடுச்சு' என்ற அந்தச் சொல்தான். நல்ல பராமரிப்பில் கார்ன் ஸ்நேக் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். ஆகவே இது முதுமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதுமை பசியைக் குறைக்கும், அடியோடு நிறுத்திவிடாது. ஆண் பாம்பு இணைசேரும் காலத்தில் சில வாரம் இரை எடுக்காமல் இருப்பது உண்டு, அப்போதும் உடம்பு பெரிதாக இளைக்காது. உங்களுடையதில் கண், கிளை, பசி எல்லாம் சேர்ந்து வந்திருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு, கட்டி, வாய்ப்புண், முதுகெலும்பு இறுகிப்போவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். வாயைத் திறந்தபடி மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ இன்றைக்கே.

போகும் முன் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதில் எடை பாருங்கள். பழைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரலால் முதுகைத் தடவியும் பாருங்கள். தசை கரைந்த பாம்பின் முதுகு உருண்டையாக இருக்காது, நடுவில் எலும்பு மேடிட்டுக் கூரை மாதிரி சரியும்.

மங்கலான கண்ணை நகத்தால் சுரண்டவே கூடாது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு கழன்று வரவேண்டும், அது ஒட்டிக்கொண்டிருக்கலாம். இழுத்தால் கண்ணே போய்விடும். உடல் நுழையும் அளவு ஓட்டை போட்ட மூடிய டப்பாவில் ஈரப் பாசியை (ஸ்பேக்னம் மாஸ்) போட்டு, அந்த டப்பாவைக் கூண்டுக்குள் வையுங்கள். அதிலும் கழலவில்லை என்றால் மருத்துவர் எடுத்துவிடுவார். கண் வீங்கினால் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் சூடு. கூண்டின் சூடான பக்கம் சுமார் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 இருக்கட்டும். பாம்பு தானாக உடல்சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சூடு குறைந்தால் செரிமானமும் நின்றுவிடும். ஹீட் மேட்டுக்கு (கூண்டைச் சூடாக்கும் மின்விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் இருக்கவே கூடாது. வயதானது ஒரே இடத்தில் அசையாமல் கிடந்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும்.

கிளையை இன்றைக்கே இறக்கிவிடுங்கள். தரையிலிருந்து சில விரல்கடை உயரம் போதும், தடிமனாக, சொரசொரப்பாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணமும் தாழ்வாகவே இருக்கட்டும். ஒரு கிழட்டுப் பந்து மலைப்பாம்பைப் (ball python) பார்த்திருக்கிறேன். உயரமான கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டது. தட்டையான கிண்ணம் மாற்றிய அன்று நெடுநேரம் குடித்தது. தாடையோரம் மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. அது இத்தனை நாள் தாகத்தோடு இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பசி திரும்பினால் பழைய அளவு இரை வேண்டாம். சின்னதாக ஒன்று, உறைநிலையிலிருந்து முழுக்க இளகி வெதுவெதுப்பானது. தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள்.

இனி எதுவும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லும் நாளும் வரலாம். அப்போது ஃப்ரீசரில் வைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வேதனையான சாவு. மருத்துவர் முதலில் மயக்கம் கொடுத்து, பிறகு ஊசி போடுவார். கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.